மிளகு இறங்கிய துறையில் மிளகாய்க்காரம்மா

லிஸ்பனில் மகன் வீட்டுக்கு வந்து பதினோராவது நாள்தான் குளத்தூர் அம்மா ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். அதுவரை மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவுக்கும் அவசரமில்லை. மூன்றாவது மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணிகளைப் பார்த்தே பத்து நாளை ஓட்டிவிட்டார். "நம்ம ஊரு மாதிரியே ரோட்டைப் பாத்துத் துணி காயப்போடுதாக" என்பது மட்டும்தான் ஐரோப்பாவைப் பற்றி அவர் சொல்லியிருந்த கருத்து.

குளத்தூர் என்றதும் சென்னைக் குளத்தூரை நினைத்துவிட வேண்டாம். இது தூத்துக்குடி மாவட்டம் விளாத்திகுளம் தாலுகாவில் இருக்கும் கரிசல் ஊர். ஒரு பக்கம் வேப்பலோடை உப்பளம், மறுபக்கம் வைப்பாறு கடலில் சேரும் கரை, நடுவில் வானம் பார்த்த பூமி. மிளகாய், உளுந்து, பாசி, கம்பு, மல்லி என்று மழையை நம்பித்தான் எல்லாமே. கணவர் போன பிறகு பதினான்கு வருஷமாக நாலு ஏக்கர் மிளகாய்க் காட்டைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் இந்த அம்மா. வயது 67.

அம்மாவை வரவழைத்ததில் மகனுக்கு ஒரு காரியமும் இருந்தது. காட்டைச் சுற்றியுள்ள நிலங்களையெல்லாம் சோலார் பலகை போட ஒரு புரோக்கர் பேசி முடித்துக்கொண்டு வருகிறார். இந்த நாலு ஏக்கர் மட்டும் நடுவில் நிற்கிறது. போனில் பேச்செடுத்தால் "சிக்னல் சரியில்ல ராசா" என்று அம்மா வைத்துவிடுவார். நேரில் உட்கார்ந்து பேசினால் சரிவரும் என்றுதான் டிக்கெட்டே போட்டது. பவர் பத்திரம் எழுதத் தேவையான தாள்கள் மேசை டிராயரில் தயாராக இருந்தன. சுற்றுலா முடிந்த மாலையில் பேசிவிடுவது என்பது மகனின் கணக்கு.

காலை ஒன்பதரைக்கு ஆற்றங்கரைச் சதுக்கத்தில் கூட வேண்டும். பதினான்கு பேர் கொண்ட குழு. மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி ஒரு கைடு பெண். இங்கிலீஷில் அவர் சொல்லச் சொல்ல, மகன் அம்மாவின் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்று ஏற்பாடு.

லிஸ்பனின் ஆறு தேஜோ. ஸ்பெயினில் பிறந்து ஆயிரம் கிலோமீட்டர் ஓடிவந்து இங்கேதான் அட்லாண்டிக்கில் விழுகிறது. நகரத்தின் முன்னால் அது ஆறு மாதிரியே தெரியாது, அக்கரை புகைமூட்டமாகத் தெரிகிற அளவுக்கு அகலம். அம்மா கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். வைப்பாற்றில் வருஷத்தில் பாதி நாள் மணலும் வேலிக்கருவையும்தான். "இம்புட்டும் நல்ல தண்ணியா?" என்றார். கடல் ஏறி வருவதால் இந்த இடத்தில் உப்புத்தண்ணீர்தான் என்று மகன் சொன்னதும் அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

கைடு பெண் முதலில் சொன்னது பூகம்பக் கதை. லிஸ்பனை யார் சுற்றிக்காட்டினாலும் இந்தக் கதை இல்லாமல் நகராது. 1755 நவம்பர் 1. சகல பரிசுத்தவான்கள் திருநாள். காலைப் பூசைக்குக் கோயில்களெல்லாம் நிரம்பி, மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்த நேரம். நிலம் குலுங்கியதும் கூரைகள் பூசையில் இருந்தவர்கள் மேலேயே விழுந்தன. தப்பியவர்கள் திறந்தவெளி தேடி இந்தக் கரைக்குத்தான் ஓடிவந்திருக்கிறார்கள். வந்து நின்று பார்த்தால் தண்ணீர் உள்வாங்கி, ஆற்றின் அடித்தரை தெரிகிறது. பிறகு அலை வந்தது. அலை தொடாத இடங்களைத் தீ தின்றது. நாள்கணக்கில் எரிந்ததாம்.

"கடல் உள்வாங்குச்சா?" என்று அம்மா இரண்டாம் முறை கேட்டார். 2004 டிசம்பர் 26 அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. இலங்கை குறுக்கே இருந்ததால் மன்னார் வளைகுடாப் பக்கம் நாகப்பட்டினம் அளவுக்கு அடி விழவில்லை. ஆனாலும் அன்று சிப்பிகுளத்து மீன்காரம்மா மூச்சிரைக்க ஊருக்குள் ஓடிவந்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. மகன் மொழிபெயர்த்துச் சொல்ல, கைடு பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு நாள் முழுக்க அந்தப் பெண் பேசியது பாதி கூட்டத்துக்கு, பாதி அம்மாவுக்கு.

அரண்மனை இருந்த இடம்தான் இந்தச் சதுக்கம். கூடவே ‘இந்திய மாளிகை’ என்றொரு அலுவலகமும் இங்கே இருந்தது. கிழக்கிலிருந்து வந்த மிளகு, பட்டை, கிராம்பு எல்லாம் அதன் கணக்கில்தான் இறங்கும். பூகம்பத்தில் அரண்மனையோடு அதுவும் அதன் தஸ்தாவேஜுகளும் போயின. அதற்குப் பிறகு பொம்பால் என்ற அமைச்சர் நேர்கோட்டுத் தெருக்களோடு நகரத்தைப் புதிதாகக் கட்டினார். சுவருக்குள் மரச்சட்டத்தைக் கூண்டு மாதிரி அடித்து, அது குலுக்கலைத் தாங்குமா என்று பார்க்கப் படைவீரர்களைச் சுற்றி நின்று தரையை மிதிக்கச் சொன்னார்களாம். நம்மூர் மேஸ்திரிகள் கேட்டால் ரசிப்பார்கள்.

அங்கிருந்து 28-ம் எண் டிராம். 1930-களின் மஞ்சள் நிற மரப்பெட்டி, சந்துகளில் முக்கி முனகி மேடேறும். வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நகரும். இந்த டிராமில் பிக்பாக்கெட் அதிகம் என்று மகன் பதினைந்து தடவை எச்சரித்தார். அம்மா அலட்டிக்கொள்ளவில்லை. பணம் இடுப்பில் சுருக்குப்பைக்குள் இருந்தது. லிஸ்பன் திருடர்களுக்கு அந்த வித்தை தெரியாது. போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. நடைபாதையெல்லாம் வெள்ளையும் கறுப்புமாகச் சின்னச் சின்னக் கற்கள் பதித்தவை. பார்க்க அழகு, தேய்ந்த செருப்போடு இறக்கத்தில் நடந்தால் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏழு குன்று ஊர் என்பதை டிக்கெட் போடும்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

அல்ஃபாமா என்பது பூகம்பத்தில் அவ்வளவாகச் சேதமாகாத பழைய பகுதி. குறுகல் சந்து, படிக்கட்டு, வாசலில் தொட்டிச்செடி, சுவரில் நீல ஓடு. ஒரு வீட்டைக் காட்டி கைடு பெண் ஏதோ சொல்ல, அம்மா சட்டென்று திரும்பினார்.

"இப்ப ஜன்னல்னு சொன்னாளா?"

சொன்னது ‘ஜனேலா’. போர்ச்சுக்கீசில் ஜன்னல்தான். ஒருகாலத்தில் நம் கரைக்கு வந்த இவர்கள் விட்டுப்போன சொல். பிறகு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. அம்மா எதையாவது காட்ட வேண்டியது, கைடு பெண் பெயர் சொல்ல வேண்டியது. மேசைக்கு மேஸா, சாவிக்கு ஷாவ், அலமாரிக்கு அர்மாரியு, வராந்தாவுக்கு வரந்தா, வாத்துக்குப் பாத்து. அன்னாசிக்கு அனனாஸ் என்றதும் அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம வீட்டுச் சாமான் பூராம் இவுக பேருல்லா வச்சிருக்கோம்!" கூட வந்த ஜெர்மன்காரத் தம்பதி என்ன நடக்கிறதென்று புரியாமல் சேர்ந்து சிரித்தார்கள்.

மதியம் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் ஒரு கடை. வாசலிலேயே பலகை பலகையாகக் கருவாடு அடுக்கியிருந்தது. ‘பக்கல்யாவ்’ என்கிறார்கள். காட் மீனை உப்புப் போட்டு உலர்த்தியது. அந்த மீன் போர்ச்சுக்கல் கடலிலேயே கிடையாது, வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த பகுதியிலிருந்து வர வேண்டும். ஆனாலும் தேசிய உணவு அதுதான், நாளுக்கு ஒன்றாக 365 வகையில் சமைப்போம் என்று பெருமை பேசுவார்கள். அம்மா விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உப்பு சரியா ஏறிருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார். வேப்பலோடைப் பக்கத்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

ஆனால் மேசையில் அந்தக் கருவாடு உருளைக்கிழங்கோடு ஆலிவ் எண்ணெயில் மிதந்து வந்தபோது முகம் சுருங்கிவிட்டது. உறைப்பே இல்லை. பணியாளர் ஒரு சின்னக் குப்பியைக் கொண்டுவந்து வைத்தார். பிரி-பிரி. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஊசிமிளகாயை எண்ணெயில் போட்டு ஊறவைத்தது. அம்மா ஒரு சொட்டு நாக்கில் வைத்தார். "காரம் இருக்கு, வாசம் இல்ல. நம்ம முண்டு வத்தல வறுத்தா தெருவே தும்மும்."

இங்கேதான் மகன் வாயைக் கொடுத்தார்.

"மிளகாய் நம்ம ஊருப் பயிரே இல்லம்மா. அமெரிக்கக் கண்டத்துது. இவங்க கப்பல்லதான் நமக்கு வந்துச்சு."

"போடா. எங்க பாட்டிக்குப் பாட்டி காலத்துலயும் நம்ம காட்டுல மிளகாதான்."

"அதுக்கெல்லாம் முன்னாடிம்மா. ஐந்நூறு வருஷம் இருக்கும்."

அம்மா நம்பாமல் கைடு பெண்ணைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் தலையாட்டினார். மிளகாய் தென் அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்துச் செடி. கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு வந்தது. பிரேசிலைப் பிடித்து வைத்திருந்த போர்ச்சுக்கீசியர் வழியாகக் கோவாவுக்கும் மேற்குக் கரைக்கும் போனது. அங்கிருந்து நாடு முழுக்கப் பரவச் சில தலைமுறைகள்கூட ஆகவில்லை.

மகன் எதிர்பார்த்தது ஆச்சரியம். அம்மாவின் முகத்தில் வந்தது வேறு. அறுபத்தேழு வயதில், பிறந்த வீட்டைப் பற்றி யாரோ புதிதாக ஒன்று சொன்ன மாதிரி உட்கார்ந்திருந்தார். தட்டில் இருந்ததை முடிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அப்ப அதுக்கு முன்ன நம்ம ஆளுக குழம்புக்கு என்ன போட்டாக?"

"மிளகுதாம்மா."

மிளகு. அதனால்தான் மிளகாய். மிளகைப் போல் உறைக்கும் காய். பெயரிலேயே விஷயம் இருக்கிறது, வாங்கும்போதும் அரைக்கும்போதும் யாரும் யோசிப்பதில்லை. மிளகுக் கொடிக்கு மலை வேண்டும், நிழல் வேண்டும், விடாத மழை வேண்டும். கரிசலில் அது தலைகீழாக நின்றாலும் வராது. மிளகாய் அப்படியில்லை. கறுப்பு மண்ணில் நாலு மழை பெய்தால் போதும், பிறகு மண்ணுக்குள் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு காய்த்துவிடும். மிளகு மலையிலிருந்து வண்டியேறி விலைக்கு வந்த சரக்கு. மிளகாயோ கொல்லையிலேயே முளைத்தது, கூழுக்குக் கடித்துக்கொள்ள ஏழை வீட்டிலும் இருந்தது. மிளகு வாங்கக் கப்பலேறிப் போனவர்கள் தெரிந்தோ தெரியாமலோ கரிசல்காட்டுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் இதுதான் என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மகன் இதுதான் சமயம் என்று நினைத்துவிட்டார். மாலைக்கு வைத்திருந்த பேச்சை மதியமே எடுத்தார்.

"பாத்தியாம்மா, மிளகாயே வெளியூர்ல இருந்து வந்ததுதான். நானும் ஊரு விட்டு வந்தவன்தான். எதுவும் ஒரே இடத்துல இருக்கணும்னு இல்ல. காட்டைக் குடுத்துட்டு நீ அக்கா வீட்டோட கோவில்பட்டியில இருக்கலாம்ல."

அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. 2023 டிசம்பர் 17, 18-ல் தென்மாவட்டங்களை மூழ்கடித்த பேய்மழையில் பூவெடுத்திருந்த செடி அத்தனையும் அழுகியது. அடுத்த வருஷம் விளைந்ததைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனது. பழம் எடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கொடுத்து, சாக்கு வாங்கி, வண்டி வைத்து கமிஷன் கடைக்குக் கொண்டுபோய் நின்றால், அன்றைக்கென்று விலை விழுந்திருக்கும். இரவெல்லாம் வத்தல் களத்தில் காவலுக்குப் படுத்திருக்கும் அம்மாவை நினைத்தால் மகனுக்குத் தூக்கம் வருவதில்லை என்பதும் உண்மை.

அம்மா சண்டை போடவில்லை. "வந்தது காச்சுதுல்ல, ராசா" என்றார். "நீ சொல்லுத கண்ணாடிப் பலகைய ஊனுனா அதுல என்னத்தக் காய்க்கும்?"

மின்சாரம் காய்க்கும் என்று பதில் சொல்லியிருக்கலாம். மகன் சொல்லவில்லை.

பிற்பகல் பெலெம். நகரத்திலிருந்து ஆற்றோரமாகவே மேற்கே போக வேண்டும். பெத்லகேமின் போர்ச்சுக்கீசுப் பெயர்தான் பெலெம். 1497 ஜூலை 8-ல் வாஸ்கோ ட காமா நாலு கப்பல், ஏறத்தாழ 170 ஆட்களோடு இங்கிருந்துதான் கிளம்பினார். மறுவருஷம் மே மாதம் கோழிக்கோடு. திரும்பி வந்து சேர்ந்தவர்கள் பாதிகூட இல்லை. ஆனால் வழி தெரிந்துவிட்டது. அந்த வழியில் வந்த வாசனைச் சரக்குகள் மீது போட்ட 5 விழுக்காடு வரியில் எழுந்ததுதான் ஜெரோனிமோஸ் மடம். 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து முடிக்க நூறு வருஷம் ஆனது. வாசலிலும் தூணிலும் கப்பல் கயிறு, முடிச்சு, கடல்செடி எல்லாம் கல்லில் ஓடுகின்றன. கழுகுமலை வெட்டுவான்கோயிலைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கும் அது சாதாரணமாகத் தெரியாது. அம்மா ஒரு தூணைக் கையால் தடவிவிட்டு, "மிளகுக் காசுலயா?" என்று மட்டும் கேட்டார்.

உள்ளே நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறை. 1524-ல் கொச்சியில் இறந்தவர். அங்கே பிரான்சிஸ் தேவாலயத்தில் புதைத்து, பிறகு எலும்புகளை எடுத்துவந்தார்கள். கல்லறை மேல் கைகூப்பிப் படுத்திருக்கிற சிலை. 1502-ல் இரண்டாம் முறை வந்தபோது, மக்கா போய்த் திரும்பிக்கொண்டிருந்த பயணிகளின் கப்பலை ஆட்களோடு எரித்ததும் இதே கைகள்தான். சுற்றுலாப் பேச்சில் இது எப்போதும் வருவதில்லை. அன்று கைடு பெண் சொன்னார், குரலைத் தாழ்த்தியே சொன்னார். அம்மா கும்பிடப் போன கையைக் கீழே போட்டுவிட்டார்.

இந்த ஊருக்கும் தமிழுக்கும் இன்னொரு கணக்கும் உண்டு. அதை எந்தக் கைடும் சொல்ல வாய்ப்பில்லை. 1554-ல் லிஸ்பனில் ஒரு சின்ன ஜெபப் புத்தகம் அச்சானது. போர்ச்சுக்கீசும் தமிழும் சேர்ந்தது. தமிழ் எழுத்து வார்ப்பு அப்போது கிடையாது என்பதால் தமிழ்ச் சொற்களையும் ரோமன் எழுத்திலேயே அடித்தார்கள். வின்சென்ட் டி நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமா ட குருஸ் என்ற மூவர் அதைத் தயாரித்தார்கள். பெயர்கள் போர்ச்சுக்கீசு, ஆட்கள் தமிழ்க் கரையைச் சேர்ந்தவர்கள் என்பது ஆய்வாளர்கள் முடிவு. தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சேற 1578 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக, தமிழ்ப் பேச்சு முதன்முதலில் அச்சுமை கண்டது இந்த ஆற்றங்கரையில்.

ஆற்றோரம் கப்பல் முனை மாதிரி நிற்கிறது ‘கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம்’. 1960-ல் சலசார் ஆட்சியில் கட்டியது. ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்த ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்ததைக் கண்டுபிடிப்பு என்று சொல்லலாமா என்று இப்போது போர்ச்சுக்கலிலேயே விவாதம் நடக்கிறது. முப்பத்து மூன்று உருவங்கள். அதில் ஒருவர் பிரான்சிஸ் சேவியர். 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறி, 1542-ல் கோவா சேர்ந்து, அதே வருஷம் முத்துக்குளித்துறைக்கு வந்தவர்.

"நம்ம சவேரியாரா?" என்றார் அம்மா. அவர் அந்தச் சமயத்தவர் இல்லை. ஆனால் வைப்பார், வேம்பார்க் கடற்கரையில் அந்தப் பெயர் தெரியாத வீடு ஏது? கழுத்தை அண்ணாந்து சிலைவரிசையில் தேடினார். "சிப்பிகுளத்தாகிட்ட காட்டணும், போட்டோ எடு" என்றார். அந்த நாளில் அவர் கேட்டு வாங்கிய ஒரே போட்டோ அதுதான்.

கீழே தரையில் பளிங்கில் ஒரு உலகப்படம் பதித்திருக்கிறார்கள். மேலே ஏறி நடக்கலாம். குழந்தைகள் கடல்களைத் தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். மகன் இந்தியாவைக் காட்டினார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தென்கோடி ஓரத்தில் ஒரு காலை வைத்தார். பிறகு பிரேசில் எங்கே என்று கேட்டு அங்கே நடந்து போனார். திரும்பி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு மறுபடி இந்தியாவுக்கு வந்தார். கூட்டத்தில் யாருக்கும் புரிந்திருக்காது. மகனுக்குப் புரிந்தது, மிளகாய் வந்த வழியை நடந்து பார்க்கிறார்.

அடுத்து, 1837-லிருந்து விற்கும் கடையில் முட்டைக்கூழ் வைத்த சுடச்சுடக் குட்டிப் பலகாரம். மேலே பட்டைப்பொடி தூவித் தருவார்கள். அம்மா மூன்று சாப்பிட்டார். இதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை, போகிறவர்கள் வரிசையில் நின்றுவிடுங்கள்.

கைடு பெண் விடைபெறும்போது அம்மா கைப்பையிலிருந்து ஒரு தாள் பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். முண்டு வத்தல், ஒரு கைப்பிடி. ராமநாதபுரம் முண்டுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை மகன் விளக்கிக்கொண்டிருக்க, அந்தப் பெண் ஒன்றை முகர்ந்து பார்த்து இரண்டு முறை தும்மினார். "கிள்ளிப் போடு, முழுசாப் போட்டுராத" என்று அம்மா தமிழிலேயே சொன்னார். அந்தப் பெண் புரிந்த மாதிரி தலையாட்டினார்.

மாலை ஏழரை. வெயில் இன்னும் இறங்கவில்லை. செம்பாலத்துக்குக் கீழே ஆற்றோரக் கல்மேடையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் அப்போது நள்ளிரவு. ஆனாலும் புரோக்கரிடமிருந்து மகன் போனுக்குச் செய்தி வந்தது. பக்கத்து ஆறு ஏக்கருக்கும் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டதாம், இந்த மாசக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம். மகன் அதை வாசித்துக் காட்டினார்.

"எனக்கு என்னைக்கு டிக்கெட்டு?"

"பத்தொம்பதாம் தேதிம்மா."

"அப்ப புரட்டாசி பொறந்திருக்கும்." விரல்விட்டு எண்ணினார். "வெதை கலயத்துல கெடக்கு. உழவுக்குச் சொல்லி வச்சிருக்கேன். இந்த வருசம் வெதச்சுக்கிடுதேன். தையில பழம் எடுக்கையில நீ வா. ஒரு மாசம் லீவு போட்டுட்டு வா. களத்துல எங்கூடப் படுத்துப் பாரு. அப்புறம் ரெண்டு பேருமாப் பேசுவோம்."

"ஒரு மாசம் லீவு தரமாட்டாங்கம்மா."

"கேட்டியா?"

மகன் கேட்டதில்லை. போனை எடுத்து, புரோக்கருக்கு ‘மாசி வரை பொறுக்கவும்’ என்று அடித்தார். ‘மாசி’யை அழித்துவிட்டு ‘பங்குனி’ என்று மாற்றி அனுப்பினார்.